டீலியாவின் ஆடுகள் காத்த கல்லறை

எங்கள் ஸ்லைகோ மாவட்டத்து மலைச்சரிவில் நான் போடாத சாலை இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இன்று ஏழு ஜேசிபிக்குச் சொந்தக்காரன். அப்படிப்பட்ட என்னை ஜெயித்தவள் டீலியா கில்கன்னன். அதனால் அவளைப் பற்றி நான் எழுதுவதுதான் நியாயம்.

டீலியா தனிக்கட்டை. தகப்பன் போனபின் முப்பது செம்மறிகளை ஒற்றை ஆளாக வளர்த்தாள். அவள் மேய்ச்சல் நிலத்தில்தான் ஐயாயிரம் வருஷத்துக் கல்லறை இருக்கிறது. ஐந்து நிமிர்ந்த கற்கள், மேலே யானை கனத்தில் ஒரு மூடுகல். காற்றும் மழையும் அடித்தால் ஆடுகள் அதற்குள் ஒண்டும். ஈனும் ஆட்டோடு டீலியாவும் உள்ளே குந்தித் தேநீர் குடிப்பாள்.

ஊர்ப் பாரம்பரியக் குழுவுக்கு நான் தலைவர். செத்தவர்கள் படுத்த இடத்தில் ஆட்டுப் புழுக்கையா என்று கொதித்து, ஒரே நாளில் கல்லறையைச் சுற்றி நாற்பது கம்பம் நட்டு வேலி போட்டேன்.

"வேணாம் டெர்மட், முள்ளு ஏறிடும். ஆடுங்கதான் அதைத் துளிர்லயே கடிச்சு வெச்சிருக்கு" என்று முதல் கம்பத்திலேயே என்னைத் தடுத்தாள் டீலியா.

"உன் ஆடுங்க எப்போ தொல்லியல் படிச்சுது?"

"நீ படிச்ச பள்ளிக்கூடத்துலதான். அதுங்க பாதியில நிக்கல."

குழுவே சிரித்தது. வேலி மட்டும் நின்றது.

ஆறு வருஷத்தில் கல்லறை முட்புதருக்குள் மறைந்தது. வேர் புகுந்து ஒரு கல் சாண் அளவு சாய்ந்துவிட்டது. இன்னும் இரண்டு குளிர்காலம் போனால் மூடுகல் விழும் என்றாள் தொல்லியல் அலுவலகப் பெண். இயந்திரம் பக்கத்தில் வந்தாலே நிலம் அதிரும். கையால் வெட்டி, மறுபடி முளைக்காமல் மேயவிட வேண்டுமாம்.

போய் டீலியாவின் முன்கதவைத் தட்டினேன். எங்கள் பக்கம் பாதிரியாரும் சவப்பெட்டியும் தவிர யாரும் முன்வாசல் வழியாக வரமாட்டார்கள்.

"யாரு செத்தது?" என்றாள்.

"இன்னும் சாகல. ஆடுங்களை அனுப்பு, டீலியா."

"வேலி போட்ட வருஷம் ஆலங்கட்டி மழையில பதினோரு குட்டி செத்துச்சே, அப்ப எங்கய்யா போயிருந்த?"

யாரிடமும் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன்.

"தப்பு என்னோடதுதான்."

அவள் ரப்பர் பூட்ஸை மாட்டினாள்.

"கம்பத்தை யாரு புடுங்குறது?"

"நான்தான்."

"கையால?"

"கையாலதான்."

எழுபத்தொரு வயதில் நாற்பதையும் பிடுங்கினேன். எங்கள் ஊரில் வேறு எவனும் செய்திருக்க மாட்டான். டீலியா ரம்பத்தால் முள்ளை அறுத்துப் பாதை விட்டாள். ஒரு கிழட்டு ஆடு மோந்து பார்த்து உள்ளே போனது. மற்றவை பின்னாலேயே போயின. சாய்ந்திருந்த அந்தக் கல் அதற்குப் பிறகு ஒரு விரல்கூடச் சாயவில்லை.