துறைமுகம் தெரியும் அறைகள்

அன்று, காசு கொடுத்து டெலிபோனும் இணையமும் பாவிக்கிற அந்தக் கொமினிக்கேசன் கடையில் நாலு பேர் இருந்தோம். நான், என் கணவர், கடைக்காரர் நானா, கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கனடாவிலுள்ள மகனோடு கத்திக் கதைத்துக்கொண்டிருந்த ஒரு மாமி. வேறு யாரும் இல்லை. உறுதியாகச் சொல்வேன், யாராவது பின்னால் வருகிறார்களோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமாதானம் என்ற பேச்சு இருக்கும்போதே சண்டை திரும்பி வந்துவிட்ட காலம். உள்துறைமுகத்துக்குக் கிட்ட எங்களுக்கு ஐந்து அறைகளோடு ஒரு லொட்ஜ். கிண்ணியாக்காரரான நானாதான் அதற்கு இணையத்தில் ஒரு தளம் செய்து தந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு விளங்குகிற மாதிரியும் சொல்லித் தந்தார். தேடுகிற மெசின் ஓயாமல் அலைந்து உலகத்துப் பக்கங்களையெல்லாம் வாசித்து, தனக்கென்று பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுமாம். யாராவது எதையாவது தேடினால் அந்தப் பிரதிகளைப் பார்த்துத்தான் பதில் கொடுக்குமாம்.

"மத்தத் தளங்கள் உங்களக் கைகாட்டணும் தங்கச்சி. எத்தின பேர் கைகாட்டுறானோ அத்தினைக்கு மேல வருவீங்க."

முகமூடி போட்ட ஒருவன் ஆமிக்குக் கைகாட்டியதால் வீடு திரும்பாத ஆட்களை எனக்குத் தெரியும்.

கனகாலம் எங்கள் பெயர் ஆறேழு பக்கம் தள்ளித்தான் கிடந்தது. பிறகு திடீரென்று முதலாவதாக வந்தது. காரணம் ஒரு படம். கணவர் எங்கள் மேல்மாடியில் நின்று எடுத்ததை, 'துறைமுகம் தெரியும் அறைகள்' என்று தனிப் பக்கமாக நானா போட்டிருந்தார். நீலக் கடல், அதிலே சாம்பல் நிறத்தில் இரண்டு கடற்படைக் கப்பல்கள். துறைமுகத்தில் அடிபாடு நடந்தபோது வெளிநாட்டுச் செய்தித் தளங்கள் சில அந்தப் பக்கத்துக்கு வழிகாட்டி எழுதிவிட்டன. தொண்டு நிறுவனக்காரர்கள் அறை கேட்டு எழுதத் தொடங்கினார்கள். கணவர் சந்தோசத்தில் மிதந்தார்.

கடைக்குப் போனதற்கு முதல் நாள் பின்னேரம், சிவில் உடுப்பில், ஆனால் ஆமி முடிவெட்டோடு ஒருவர் லொட்ஜுக்கு வந்து, "துறைமுகம் தெரியுற ரூம் எது?" என்று கேட்டார். கணவர் வீட்டில் இல்லை. நாளைக்கு வருகிறேன் என்று அந்த ஆள் போய்விட்டார்.

"அந்தக் கப்பல் படத்தைப் பக்கத்தோட அழியுங்கோ நானா," என்றேன் கடையில்.

"அழிச்சா கீழ போயிருவீங்க. நியூஸ்காரனுகள் கைகாட்டுறது இந்தப் பக்கத்தத்தான்."

"இப்பதானப்பா ஆக்கள் வரத் தொடங்கினவை," என்று இழுத்தார் கணவர்.

"உங்களக் கொண்டுபோனால் பிறகு ஆக்கள் வந்தென்ன, வராட்டியென்ன?"

நானா அழித்தார். தேடிப் பார்க்கச் சொன்னேன். தேடினார். படம் அப்படியே இருந்தது, முத்திரை அளவில், கப்பல்களோடு.

"அழிச்சாச்செண்டீங்கள்!"

"எங்கட தளத்தில இல்ல. இது மெசின் வெச்சிரிக்கிற பிரதி. அது திரும்பி வந்து பாத்தாத்தான் விடும். எடுக்கச் சொல்லி எழுதியும் போட்டிரிக்கேன்."

"எப்ப வரும்?"

"நாளைக்கும் வரலாம். மாசமும் ஆகலாம்."

"கெதியா வரச்சொல்லி ஒரு கோல் அடிக்க ஏலாதோ?" என்றார் கணவர்.

மாமி கூண்டுக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "ஆருக்குத் தம்பி கோல்? நான் இன்னும் கதைச்சு முடிக்கேல்ல!"

பின்னேரம் அந்த ஆள் சொன்னபடியே வந்தார். நேரே மேல்மாடிக்கு ஏறினார். துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றார். நான் படியில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"படம் போட்டது யாரு?"

"நான்தான் சேர். இண்டைக்கு அழிச்சிட்டன்," என்றார் கணவர்.

"இருக்கே. வரமுந்திப் பார்த்தேன்."

கணவர் பிரதியைப் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொன்னார். எனக்கே அது கட்டுக்கதை போலக் கேட்டது. அந்த ஆள் அவருடைய அடையாள அட்டையை வாங்கி இலக்கத்தைக் குறித்துக்கொண்டார்.

"திரும்பிப் பார்ப்பேன். அப்பவும் இருந்தா நீங்க என்னோட வரணும்."

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கடை திறக்கும் நேரத்துக்கே நான் வாசலில் போய் நிற்பேன். நானா தேடுவார். படம் இருக்கும். திரும்பி வருவேன். சமைத்ததில் உப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. ஒரு காலை நானா திரையை என் பக்கம் திருப்பினார். படம் இல்லை. எங்கள் லொட்ஜைத் தேடச் சொன்னேன். முதல் பக்கத்தில் இல்லை, இரண்டில் இல்லை, ஐந்திலும் இல்லை.

"இன்னும் கீழ பாருங்கோ," என்றேன். அப்படி ஒரு நிம்மதி.

அந்த ஆள் பிறகு வரவேயில்லை. அறை கேட்டும் யாரும் எழுதவில்லை. முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தால் பதினையாயிரம் என்று நானாவோடு பேசி, பாதி கொடுத்திருந்தோம். மிச்சத்தைக் கொண்டுபோனால் நானா வாங்க மாட்டார்.

"முதல் பக்கத்தில ஆளக் காணல்லியே தங்கச்சி, எதுக்குக் காசு?"

அவருக்கு இன்னும் கொடுக்க வேண்டியது ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.