பந்து எறிபவரின் சட்டை

மல்வேர்ன் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆட்டம். பந்து எறியும் சுகந்தி என் தோள் உயரம்தான் இருப்பார். சட்டை முழங்கால் வரை தொங்குகிறது.

"ஏன் இவ்வளவு பெரிய சட்டை?" பக்கத்தில் நிற்கும் அணிப் பொறுப்பாளர் ரவியிடம் கேட்கிறேன்.

"பந்து எறியிற பிச்சர் எண்டா பெரிய ஆளாத்தான் இருக்கும் எண்டு, ஆள் கிடைக்க முதலே ஓடர் பண்ணிப்போட்டன். ஆறடி ஆக்கள் மூண்டு பேர் வந்து எறிஞ்சவை. ஒருத்தற்றை பந்தும் நேராப் போகேல்லை."

எதிரணியின் நெட்டை மனிதர் மூன்றாம் முறையும் மட்டையைக் காற்றில் வீசிவிட்டு, தலையாட்டியபடி வெளியேறுகிறார்.

"இனியாவது சுகந்திக்குச் சின்னதா ஒண்ணு வாங்கலாமே?"

"கேட்டனான். வேண்டாமாம். உந்தச் சட்டைக்குள்ள, எறியிற வரைக்கும் பந்து எங்க இருக்கெண்டு அடிக்கிறவனுக்குத் தெரியாதாம்."