நடந்து வந்த டொக்டர்

வேலை விட்டு வந்ததும் அக்காவும் நானும் டீவியில் ஓர் ஆஸ்பத்திரி நாடகம் பார்ப்போம். அதில் வரும் டொக்டர்மார் நடப்பதே இல்லை. தள்ளுகட்டிலோடு ஓடுவார்கள், கத்துவார்கள், நெஞ்சில் மின்சாரம் வைப்பார்கள். ஆள் பிழைக்காது என்றால் எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். டொக்டர் கையுறையைக் கழற்றியபடி தலைகுனிந்து வெளியே வருவார். அவசர சிகிச்சை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன்.

போன வருடம் ஒரு காலை, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போன தாய்மார் விட்டுச்சென்ற குழந்தைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தேன். கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து நான்கு பேர் அக்காவைப் படங்குச் சாக்கில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். குளவி கலைந்து கொட்டியிருந்தது. முகம் வீங்கி, கண் இரண்டும் மூடிக் கிடந்தன.

ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. வளைவுக்கு வளைவு மூச்சு விசில்போலக் கேட்டது. "தொண்டைய அடைக்குது, தங்கச்சி" என்றாள். அதன்பிறகு பேசவில்லை. ஆஸ்பத்திரி வரும்வரை அவள் வாயருகே என் புறங்கையை வைத்துக்கொண்டே இருந்தேன்.

அங்கே இருந்தது சின்ன வயது டொக்டரம்மா ஒருவர். நடந்துதான் வந்தார். நாடி பிடித்தார், நர்ஸிடம் சிங்களத்தில் தணிந்த குரலில் ஏதோ சொன்னார், தொடையில் ஊசி போட்டார். காலுக்கடியில் தலையணை, மூக்கில் ஒட்சிசன். பிறகு கட்டிலருகே சும்மா நின்றார். யாரும் ஓடவில்லை. அந்த அமைதியைக் கண்டு, கைவிட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"ஏதாச்சும் செய்யுங்க, டொக்டர்" என்று அழுதேன்.

அவர் அக்காவின் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "செஞ்சிக்கிட்டுதான் இருக்கேன். மருந்து ஏற அஞ்சு நிமிசம் வேணும்" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னார். அக்கா வேறு ஏதும் மருந்து எடுக்கிறாளா என்று கேட்டார். பிரஷர் குளிசை ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, ஐந்து நிமிடம் ஆனதும் இரண்டாவது ஊசி போட்டார். அப்புறம் என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

சுவரோரம் நின்றேன். எவ்வளவு நேரமோ தெரியாது. கதவு திறந்தது. டொக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே குனிந்த தலையோடு வந்தார். தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

அவர் என் பக்கத்தில் குந்தி, என் கையை விலக்கினார். "அக்கா உங்கள தேடுறாங்க. போய்ப் பேசுங்க. எழும்ப மட்டும் விட வேணாம்."

எனக்கு உடனே எழுந்திருக்க முடியவில்லை. அவர்தான் தூக்கிவிட்டார்.

வீக்கம் திரும்பவும் வரலாம் என்று அக்காவை மறுநாள்வரை வைத்திருந்தார்கள். அவள் தூங்கினால் பயந்து எழுப்பினேன். எழுப்பினால் திட்டினாள். திட்டக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வந்தது.

இரண்டு வாரத்தில் அவள் மறுபடி மலை ஏறினாள். வேறு வேலை ஏது? வேலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கு ஐயாவிடம் போய், அந்தக் கூட்டை அழித்தாயிற்றா என்று கேட்டேன். அழித்தாயிற்று என்றார். மற்ற மலைகளில் எத்தனை கூடு இருக்கிறதென்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை.