தட்டு மாற்றும் நேரத்தில் சொல்லக் கூடாத பெயர்

நான் பேசும் இங்கிலீஷ் உலகம் முழுக்கச் செல்லாது என்பது என் ஓரகத்தி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் கொழுந்தன் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன். நான்கு வயது மகளோடு போன வருஷம்தான் முதல் தடவையாகக் காஞ்சிபுரம் வந்தார்கள். நான் பட்டுக்கடையில் வேலை பார்க்கிறவள். வெளிநாட்டுக்காரர்களிடம் ஜரிகையைப் பற்றி இங்கிலீஷிலேயே பேசிப் புடவையைத் தலையில் கட்டிவிடுவேன். அந்தத் திமிரில் ‘பிரிஞ்சால்’ பொரியல் என்று சொல்லி வைத்தேன். ஓரகத்தி விழித்தாள். அவளுக்கு அது எக்பிளாண்ட். லேடீஸ் ஃபிங்கர் என்றதும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வெண்டைக்காய் அவளுக்கு ஓக்ரா. கடைக்கு வரும் லண்டன்காரர்கள் கத்திரிக்காயை ஓபர்ஜீன் என்பார்கள் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

“ஒரு கத்திரிக்காய்க்கு இத்தினி பேரா? ஊருக்கு ஒண்ணா வச்சிக்கினு இருக்கானுங்க” என்றார் என் கணவர், தறியை விட்டு எழுந்திருக்காமலே. முதல் நாலு நாள் வீடு முழுக்க இதே சிரிப்புதான்.

சிரிக்க முடியாத பெயர் ஒன்றும் இருந்தது. குழந்தைக்கு எள் ஆகாது. ஒரு துளி உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சு அடைக்கும். தொடையில் குத்துகிற ஊசி ஒன்றை ஓரகத்தி எந்நேரமும் பையில் வைத்திருந்தாள். வந்த அன்றே சொல்லிவிட்டாள். நானும் நல்லெண்ணெயை எடுத்துப் பரணில் போட்டேன், இட்லிப் பொடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன், தோசைக்கல்லைக்கூடப் புதிதாக வாங்கினேன். குழந்தை பெரியம்மா பெரியம்மா என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தது. என் கையால்தான் சாப்பிடுவேன் என்று அடம் வேறு.

நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நாத்தனார் வீட்டுக்குப் போனேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணி, பாப்பாவுக்கு எள்ளு...”

“வாய மூடுமா. நல்ல காரியம் வச்சிருக்குற வூட்ல அந்தப் பேர எடுக்காத” என்றார். “ஆளுங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ போ.”

செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதால் விசேஷ வீட்டில் அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் குடும்பத்துப் பெண்களின் சட்டம். மற்ற நாளில் இதே நாத்தனார்தான் என்னை ‘எள்ளுன்னா எண்ணெயா நிப்பா’ என்று நாலு பேரிடம் மெச்சுவார். சொல்லிக்கொள்கிறேன் என்றாரே என்று நம்பித் திரும்பினேன்.

அவர் சொல்லத்தான் செய்தார், பெயரைச் சொல்லாமல். “குழந்த ஒண்ணுக்கு கொட்ட மாதிரி எதுவும் ஒத்துக்காதாம், பாத்து செய்யிங்க” என்றாராம். சமையல்காரர் முந்திரியையும் வேர்க்கடலையையும் ஒதுக்கிவிட்டு, மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லிக்கு வழக்கம்போல நல்லெண்ணெய் ஊற்றினார். அவர்மேல் என்ன குற்றம்?

ஓரகத்தி குழந்தைக்குத் தனியாகத் தயிர்சாதம் கொண்டுவந்திருந்தாள். குழந்தையோ மற்றப் பிள்ளைகள் தின்கிற இட்லிதான் வேண்டும் என்று அழுதது. அவள் சமையற்கட்டுக்கே போய் எண்ணெய் டின்னைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். டின்னில் ஜிஞ்சிலி ஆயில் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அவள் ஊரில் அது செசமி. ஜிஞ்சிலி என்ற பெயரை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. செசமி என்று எங்கும் இல்லாததால் நிம்மதியாக ஒரு இட்லியை வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

மேடையில் சம்பந்திகள் தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். குங்குமச் சிமிழோடு பக்கத்தில் நின்ற நான் தற்செயலாகத் திரும்பினேன். குழந்தை கையில் பாதி கோயில் இட்லி; நல்லெண்ணெய் இல்லாமல் அதை யாரும் செய்ய மாட்டார்கள்.

“துப்பச் சொல்லு. அதுல எள்ளெண்ண இருக்குது. எள்ளு, எள்ளு” என்று கத்தினேன்.

மேளம் நின்றுவிட்டது. ஓரகத்தி குழந்தையின் வாயில் விரலை விட்டு எடுத்தாள். அதற்குள் உதடு தடித்துவிட்டது. ஊசியைக் குத்தி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியெல்லாம் அந்தச் சின்ன நெஞ்சு இழுத்த சத்தம் இருக்கிறதே, அதை என் எதிரி வீட்டுப் பிள்ளைக்கும் நான் நினைக்க மாட்டேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. சாயங்காலம் நாத்தனார் வந்தார். கட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “தட்டு மாத்துற நேரத்துல சொல்லிட்டியேமா. மாப்பிள்ள வூட்ல மறுபடியும் தட்டு மாத்தணும்னு கேக்குறாங்க” என்றார். ஆஸ்பத்திரியாக இல்லாவிட்டால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

அவர் போன பிறகு ஓரகத்தி கேட்டாள்.

“அக்கா, பாப்பாவுக்கு இது ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியும்தானே? ஏன் யாரும் குக்குகிட்ட சொல்லல?”

“நல்ல நாள்ல அந்தப் பேர சொல்ல மாட்டோம்.”

“சொல்லவே மாட்டீங்களா?” என்றாள். கோபமே இல்லாமல் கேட்டாள். நான் குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டேன்.

இப்போது கல்யாணம் வருகிறது. போன வாரம் ஓரகத்தி போன் செய்தாள். “பாப்பா பெரியம்மாகிட்ட போகணும்னு தினமும் கேக்குறா. நீங்க பாத்துப்பீங்கன்னா வரோம் அக்கா.”

அன்றே நாத்தனாரிடம் போனேன். சமையல்காரரிடம் நானே பேசுகிறேன், இந்த ஒரு அனுமதி போதும் என்று கேட்டேன்.

“கல்யாணத்துலயும் அந்தப் பேரக் கொண்டாரப் போறியா? முன்ன சொன்னதே போதும். நான் பாத்துக்கிறேன்” என்றார்.

போன தடவையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். பந்தியில் நூறு கை குழந்தைக்கு எதையாவது நீட்டும். என் ஒருத்தி கையால் எத்தனை கையைத் தடுக்க முடியும்? வீட்டுக்கு வந்து ஓரகத்தியைக் கூப்பிட்டேன். பின்னால் குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

“இந்தத் தடவ வராதீங்கமா” என்றேன்.

“பாப்பாகிட்ட நீங்களே சொல்றீங்களா அக்கா?” என்று கேட்டுவிட்டு, போனைக் குழந்தையிடம் கொடுத்தாள்.