கேனில் இறங்காத தண்ணீர்

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் தண்ணியக்கா முதலில் மனிதரைப் பார்ப்பதில்லை, கேனைப் பார்க்கிறாள். முந்தின நாள் மார்க்கரால் இழுத்த கோட்டுக்கு நாலு விரல் கீழேயாவது தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் விசாரணைதான்.

"வச்சது வச்சபடி நிக்குதே! தண்ணி என்ன, அழகு பாக்கவா?"

ஐம்பத்திரண்டு வயது. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, கொண்டையில் செருகிய மார்க்கர். லிஃப்ட் இல்லாத நாலு மாடிக் குடியிருப்புக்குத் தண்ணீர் கேன் போடுவது அவள் தொழில். வெயில் காலத்தில் கேன் கேட்காத வீட்டிலும் தலையை நீட்டுவாள், அங்கே முதியவரோ நோயாளியோ இருந்தால்.

எல்லோருக்கும் ஒரே சட்டமில்லை. இரண்டாம் மாடியில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அம்மாளிடம் பேச்சே வேறு: "உங்களுக்கு டாக்டர் அளந்து குடுத்ததுதான். ஒரு மடக்கு கூடக் கூடாது. திரையை இழுத்து விடுங்க, ஈரத்துண்டைக் கழுத்துல போட்டுக்குங்க."

மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவர் ஓய்வுபெற்ற கோர்ட் டைப்பிஸ்ட். இதய நோயாளி, நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர். முழங்கால் வலி வேறு.

"குடிச்சா பாத்ரூமுக்கு ஓடணும். ஓட முடியலம்மா, அதான் குடிக்கல" என்றார் ஒருநாள், கூச்சத்தோடு. தண்ணியக்கா கேனில் அன்றைய கோட்டை இழுத்தாள். மார்க்கரைக் கொண்டையில் செருகிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

மறுநாள் நடுப்பகல். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. ஜன்னலெல்லாம் சாத்தியிருக்க, பெரியவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார்.

"பீரோ சாவியை எங்க வச்சே?" என்று அவளைக் கேட்டார். செத்துப்போன மனைவியிடம் கேட்கிற குரல் அது. கழுத்தைத் தொட்டாள், அடுப்பைத் தொட்டதுபோல் சுட்டது.

அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவரை ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொன்னாள். பெரியவரின் சட்டையைக் கழற்றி, போர்வையை நனைத்துப் போர்த்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். எதிர்வீட்டுக்காரர் டம்ளரோடு குனிந்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

"நெனப்பு தடுமாறுது. இப்ப வாயில ஊத்தினா புரையேறிடும்!"

நேற்றே யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் போர்வை காயக் காய நனைத்துக்கொண்டே இருந்தாள், ஆம்புலன்ஸ் வரும்வரை.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் பெரியவர் திரும்பினார். மாத்திரையின் அளவை மாற்றி, வெயில் நாளில் எவ்வளவு குடிக்கலாம் என்றும் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த மகள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கமோடு நாற்காலி வாங்கிப் போட்டாள். அவ்வளவுதான், ஓட்டம் ஒழிந்தது. இப்போது மாடிக்கு ஒருவர் வீதம், மதியம் முதியவர், நோயாளி இருக்கிற வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள். அந்த ஏற்பாடு தண்ணியக்கா சண்டை போட்டு வாங்கியது.

நேற்று மூன்றாம் மாடிக்கு வந்தவள் கேனை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏம்மா, காலையிலேர்ந்து நீ என்ன குடிச்சே?" என்றார் பெரியவர்.

"இன்னும் ஒரு மாடி பாக்கிங்க" என்றாள் அவள். பெரியவர் நாற்காலியைப் பிடித்து எழுந்து, மெல்ல நடந்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துவந்து நீட்டினார். தண்ணியக்கா தரையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் குடித்தாள். வெறும் டம்ளரை மறுபடி அவரிடம் நீட்டினாள்.