செஞ்சியில் குளிராமல் போன குளிர்பெட்டி

யுத்தம் முடிந்த மறு கோடையில், சித்திரை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு மோட்டாரில் போனோம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய மகள், கால் வீங்கி அங்கேயே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். இந்த வாரமே பிரசவமாகலாம் என்று மாப்பிள்ளை தந்தி கொடுத்திருந்தார்.

என் மனைவிக்கோ வெயில் ஆகாது. முந்திய வருஷம் மயங்கி விழுந்து இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். இன்னொரு முறை அப்படி வந்தால் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். வண்டிக்குள் தொண்ணூற்றைந்து டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் உடனே திரும்பிவிட வேண்டும் என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார்.

வண்டி நண்பர் ஒருவருடையது. அதன் பின் ஆசனத்து இடப்பக்க ஜன்னலில் ஒரு தகரக் குளிர்பெட்டி பொருத்தியிருந்தது. உள்ளே வெட்டிவேர்த் தட்டி. மேலே ஒரு காலன் தண்ணீர் பிடிக்கும் தொட்டி. கயிற்றை இழுத்தால் தண்ணீர் வேரில் சொட்டும். வண்டி ஓடும் வேகத்தில் காற்று ஈரவேரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இதன் தத்துவம் எனக்குப் புரிந்தது. அதனால்தான் பின்னால் நடந்தது அதிகம் புரியாமல் போயிற்று.

காலை ஐந்துக்குப் புறப்பட்டோம். எழுபத்தாறு மைல் கடந்து எட்டே முக்காலுக்குத் திண்டிவனம். அதுவரை பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. அங்கே தொட்டியை நிரப்பினோம். கடைக்காரர் திறந்த வாளியில் தண்ணீர் தந்தார். அதில் தூசு மிதந்தது. மூடியுள்ள டின்னில் கேட்டு வாங்கினேன். அதையும் இரண்டு முறை அலசச் சொன்னேன். அவசரப்படாமல் செய்தோம் என்று திருப்தியாகவே இருந்தது.

அங்கிருந்து செஞ்சி பதினேழு மைல். வழியில் ஆறு தடவை பின்னால் திரும்பி, "குளிர்கிறதா?" என்று கேட்டேன். ஆறு தடவையும் "சில்லுனு இருக்குதுங்க" என்றாள். செஞ்சி கடைவீதியில் வண்டி நின்றபோது மணி ஒன்பது ஐம்பது. அவள் முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. நான் உட்கார்ந்திருந்த முன் ஆசனத்தில் தொங்கிய தெர்மாமீட்டரைக் கழற்றி அவள் பக்கத்தில் பிடித்தேன். தொண்ணூற்றேழு.

"ஏன் பொய் சொன்னே?"

"சொல்லலன்னா வண்டியத் திருப்பியிருப்பீங்க. அவ அங்க தனியாக் கெடக்கறா."

வாக்குப்படி அப்போதே திரும்பியிருக்க வேண்டும். நான் திரும்பவில்லை. கோளாறு என்னவென்று மட்டும் பார்த்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊரைத் தாண்டி, கோட்டை மதிலுக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் அவளை உட்காரவைத்து, தலையில் ஈரத்துண்டு போட்டேன். பிறகு டிரைவர் மாணிக்கமும் நானும் ஆரம்பித்தோம். தொட்டியின் துளை அடைத்திருக்கிறதா? இல்லை, சொட்டுகிறது. காற்று வரவில்லையா? வருகிறது, அனலாக. வேகம் போதவில்லையா? கோட்டையிலிருந்து கடைவீதிவரை ஒரு மைல், இருபது மைல் வேகத்தில் இரண்டு தடவை, முப்பதில் இரண்டு தடவை போய் வந்தோம். வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை. காற்றில் ஈரம் அதிகமோ என்று கையோடு கொண்டுவந்திருந்த இன்னொரு தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றிப் பார்த்தேன். அது எழுபத்தெட்டுக்கு இறங்கியது. துணி குளிர்கிறது, வேர் குளிரவில்லை! புஸ்தகம் தப்பா, தெர்மாமீட்டர் தப்பா, நான் தப்பா என்று தெரியவில்லை. மூன்றாவதுதான் என்று தோன்றியது.

"சார், நாலாந் தபா போறோம். கடைவீதில எல்லாம் எழுந்து நின்னு பாக்கறாங்க. ஓட்டுப் போடச் சொல்லி வந்திருக்கோம்னு நெனச்சிக்கிட்டாங்க போல" என்றான் மாணிக்கம்.

பதினொன்றாயிற்று. மரத்தடியிலேயே தொண்ணூற்றாறு. என் மனைவி கண்ணை மூடியிருந்தாள். திரும்பலாம் என்று சொல்ல இரண்டு முறை அவள் அருகே போய், சொல்லாமல் வந்தேன். கடைசி முயற்சியாகத் தட்டியை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வேர்களை விரலால் பிரித்துப் பார்த்தேன்.

மரத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த பெண்ணொருத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பக்கத்துக் கிராமமான வல்லத்துக்காரி, பெயர் லூர்துமேரி.

"இன்னா பெரியவரே, அம்மாவ அங்க வுட்டுட்டு இதுக்கு உக்காந்து பேன் பாக்கறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் அருகிலிருந்த கிணற்றில் இறைத்த தண்ணீரை ஒரு கை அள்ளித் தட்டிமேல் விட்டாள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடியது. வேர் நனையவே இல்லை. நானும் ஒரு மணி நேரமாக வேரின் மினுமினுப்பைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெட்டிவேரில் இயற்கையாகவே தைலம் உண்டு, அதுதான் கசிகிறது என்று முடிவு செய்திருந்தேன்.

அவள் முகர்ந்து பார்த்தாள். "மல்லாட்ட எண்ண! தண்ணி எதுல மொண்டு ஊத்துனீங்க?"

இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றால் நிலக்கடலை. மூடியுள்ள டின் கடலை எண்ணெய் டின்தான். நான்தான் கேட்டு வாங்கினேன்.

"எண்ண வச்ச தலையில வெறுந்தண்ணி நிக்குமா? சீக்கா போட்டு அலசணும். இத்தினி படிச்சவரு, ஊட்ல ஒரு நாளும் தல முழுவனதில்லியா?"

மாணிக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். என் மனைவி கண்ணைத் திறந்து, "பச்சைத் துணிமூட்டையில இருக்குது, எடுங்க" என்றாள். மகளின் பிரசவக் குளியலுக்காக அரைத்துவைத்த சீயக்காய்த்தூள். பாதியை லூர்துமேரி கேட்காமலே கொட்டிக்கொண்டாள். தட்டியை மூன்று முறை தேய்த்து அலசினாள். தொட்டியைச் சாம்பல் போட்டு மாணிக்கம் தேய்த்துக் கழுவி, கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினான். நாற்பது நிமிஷம் ஆயிற்று. கூலி வாங்க மறுத்தாள். பேருக்கு வெள்ளரிப்பிஞ்சு ஆறு வாங்கினேன், இரண்டணா.

பதினொன்று ஐம்பதுக்குப் புறப்பட்டோம். கயிற்றை இழுத்தேன். இரண்டாவது மைலில் தொண்ணூறு. ஐந்தாவது மைலில் எண்பத்தைந்து. நம்பாமல் இரண்டு தெர்மாமீட்டரையும் மாற்றி வைத்துப் பார்த்தேன். "பார்த்தது போதும், ஜன்னல மறைக்காதீங்க" என்று மனைவி அதட்டினாள். குரலில் தெம்பு வந்திருந்தது. இருபத்துநாலு மைல் கடந்து ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் தானே இறங்கி நடந்தாள்.

இந்த வழியே போவோருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். செஞ்சியைக் காலை ஒன்பதுக்குள் தாண்டிவிடுங்கள். தண்ணீரைத் தூசியிருந்தாலும் வாளியிலேயே வாங்கித் துணியில் வடிகட்டுங்கள். டின் என்றால் முதலில் முகர்ந்து பாருங்கள். தெர்மாமீட்டரை நோயாளி அருகில் தொங்கவிடுங்கள், அவரைக் கேட்காதீர்கள்.

வெள்ளி விடியற்காலையில் பேத்தி பிறந்தாள். கஷ்டமான பிரசவம். ஒன்பது மணி நேரமும் மகள் தாயின் கையை விடவில்லை என்று நர்ஸ் சொன்னாள். ஊர் திரும்பியதும் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "தொண்ணூற்றேழு என்று பார்த்தும் ஏன் திரும்பவில்லை? அவ்வளவு துணிச்சலா?" என்று கோபித்துக்கொண்டார். துணிச்சல் இல்லை. திரும்பலாம் என்று அவளிடம் சொல்லப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பயம் சரியா தப்பா என்று பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். விடை வரவில்லை.