ஸ்டெல்லா அக்காவின் ஜெபம்

மனைவியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஊரெல்லாம் வாயடிக்கும் எனக்கு ஜெபிக்க ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்தில் பைபிளோடு உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் பிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பி மணந்தது. சின்ன வயதில் போன சூரமங்கலத்து ஜெபக்கூட்டங்களின் மணம் அது.

அப்படி ஒரு கூட்டத்தன்று, லாரியோடு வடக்கே போன அப்பாவிடமிருந்து தகவலே இல்லை. என் அம்மா ஜெபிக்க வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். நான் கூட்டம் முடிந்து தரும் முறுக்கு சீக்கிரம் வர ஜெபித்துக்கொண்டிருந்தேன். குழாயடிச் சண்டையில் அம்மாவோடு பேச்சை நிறுத்தியிருந்த ஸ்டெல்லா அக்காதான் முழங்காலிட்டார்.

"ஆண்டவரே, இவளுக்கும் எனக்கும் ஆகாதுங்க. ஆனா இவ ஊட்டுக்காரரப் பத்திரமாக் கொண்டாந்து உடுங்க. சண்டைய அப்பறம் பாத்துக்கறோம்."

அப்பா திரும்பிய மறுநாளே இருவரும் சண்டையைப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் அந்த பிளாஸ்க் அம்மாவிடம் திரும்பினேன். "என் சம்சாரத்துக்காக ஜெபம் பண்ணுவீங்களாம்மா?"

"பண்றேன் சாமி. உள்ள எம் பையனும் இருக்கறான்."

அந்தப் பையனுக்காகக் கண்ணை மூடினேன். வார்த்தை வந்தது.